வாய்ப்பு குறைவு

அவளை அலுவலகத்தில் எல்லோரும் டப்பிங் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவன் அவள் கணவன். சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்தவன். ஒருமுறை விடுமுறையில் வந்திருந்தபோது, அவள் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அலுவலக வாசலுக்கு வந்தான். காவலாளியிடம், "உள்ள டப்பிங் பேசுற அம்மா ஒருத்தங்க இருப்பாங்க, கொஞ்சம் கூப்பிடுங்க" என்று சொல்லியிருக்கிறான். காவலாளி மாடிக்கு வந்து அதையே அப்படியே கத்தினான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

அவள் செய்ததும் ஏறக்குறைய அதுதான். தொலைபேசியில் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் ஆங்கிலம் பேசும் டாக்டர் ஒரு முனையில், தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி மறுமுனையில், நடுவில் இவள். அட்டைத் தடுப்புக்குள் ஒரு நாற்காலி, காதில் ஹெட்செட், எப்போதும் பாதியில் ஆறிப்போகிற டீ. பேசுகிறவர் "நான்" என்றால் இவளும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும், அது அந்த வேலையின் முதல் விதி. ஒரு நிமிஷம் "எனக்கு நெஞ்சு அடைக்குதுங்க" என்பாள், அடுத்த நிமிஷம் "நான் உங்களுக்கு ஒரு ஆபரேஷன் பண்ணப்போறேன்" என்பாள். ஊரார் வலியையெல்லாம் தன் வாயால் சொல்லிச் சொல்லி, அவளுக்குள் ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போயிருந்தது. அவள் அதைக் குறையாக நினைக்கவில்லை. மரத்துப்போகாதவர்கள் அந்த அலுவலகத்தில் ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததில்லை.

வேலையில் அவளைப் படுத்தியவை பெரிய பெரிய நோய்களின் பெயர்கள் அல்ல. அவற்றுக்கு அகராதி இருக்கிறது. படுத்தியவை சின்னச் சின்னப் பெயரடைகள்தான். தமிழில் சந்தேகம் வினைச்சொல்லின் வாலில் உட்கார்ந்திருக்கும். வந்தார், வந்தாராம், வந்திருப்பார், வந்தாலும் வரலாம். வாக்கியம் முடிகிறவரை பொறுத்திருந்தால்தான், சொல்கிறவர் தானே அதை எவ்வளவு நம்புகிறார் என்பது தெரியும். ஆங்கிலக்காரர்கள் அப்படியில்லை. சொல்லப்போகிற பொருளுக்கு முன்னாலேயே நம்பிக்கையையோ சந்தேகத்தையோ ஒட்டிவிடுவார்கள். பாசிபிள் கட்டி, ப்ராபபிள் கட்டி, சஸ்பிஷியஸ் கட்டி. ஒருமுறை அவள் புதிதில், "ஸ்கேன்ல சந்தேகத்துக்குரிய இடம் ஒண்ணு தெரியுது" என்று சொல்லப்போய், மறுமுனையில் இருந்த லாரி டிரைவர் கொதித்துவிட்டார். "என்மேல என்னய்யா சந்தேகம்? நான் பீடி கூடக் குடிச்சதில்ல!"

தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்போது அவர்கள் இன்னும் சிக்கலானவர்கள். "ஐ அம் ஷ்யூர்" என்பார்கள். நிச்சயம் என்று அர்த்தம். ஆனால் உண்மையிலேயே நிச்சயமாக இருக்கிறவர் அதைச் சொல்வதில்லை. சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். "ஐ அம் அஃப்ரெய்ட்" என்பார்கள். பயமாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அதில் பயம் துளிக்கூட இருக்காது. கெட்ட செய்தியை நீட்டுவதற்கு முன்னால் கையைத் துடைத்துக்கொள்வது போன்றது அது. அவள் அதை "வருத்தமா இருக்கு" என்று மாற்றிச் சொல்லுவாள், இல்லை அப்படியே விழுங்கிவிடுவாள்.

இதையெல்லாம் ஃபிட்டரிடம் ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தாள். அவன் ஃபேனைக் கழற்றி தரையில் பரப்பி வைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஷ்யூர்னு சொன்னா ஷ்யூர் இல்லைன்னு அர்த்தமா?"

"ஆமாங்க."

"அப்போ உங்க அப்பா என்கிட்ட 'பொண்ணு நிச்சயமா நல்லா சமைக்கும்'னு சொன்னாரே, அது இங்கிலீஷ்லதான் சொல்லியிருக்காரு போல."

அவள் எண்ணெய்த் துணியை எடுத்து அவன்மேல் எறிந்தாள். அவர்களுடைய மகள், அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவள், இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தச் சொற்களிலேயே அவள் மிக நன்றாகக் கற்றுவைத்திருந்தது "அன்லைக்லி" என்பதைத்தான். வாய்ப்பு குறைவு. ஒரு டாக்டர் அன்லைக்லி என்றால், மனசுக்குள் அவர் இல்லை என்று முடிவுகட்டிவிட்டார், வாய்விட்டுச் சொல்லத்தான் தயங்குகிறார் என்பது அவள் அனுபவம். அதனால் "வாய்ப்பு குறைவு" என்று சொல்லும்போது கடைசி எழுத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவாள். கேட்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். யாரும் அவளுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. அது ஒரு கருணை என்று அவள் நினைத்திருந்தாள்.

மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம், மழைக்காலத்தின் நடுவில், ஃபிட்டரின் கப்பலோடு தொடர்பு அறுந்தது. கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தபோது அவள் வேலையில் இருந்தாள். கைப்பேசியில் கேட்டுக்கொண்டாள், சரி என்றாள், வைத்தாள். ஹெட்செட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, முழங்கால் வலிக்காரப் பெண் ஒருத்திக்கும் அவளுடைய டாக்டருக்கும் நடுவே உட்கார்ந்து, எத்தனை மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று எல்லாவற்றையும் பிசகாமல் சொல்லிமுடித்தாள். ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போதுதான் மேற்பார்வையாளரிடம் போய், "நாளைக்கு லீவு வேணும், என் வீட்டுக்காரர் போன கப்பலைக் காணோமாம்" என்றாள். அவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். எதற்காக இவர் எழுந்து நிற்கிறார் என்று அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை.

கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் நாற்றம் மூக்கில் ஏறும். காணாமல்போனவர்களில் அந்த ஊர்க்காரர்கள் மூன்று பேர். மூன்று வீட்டு மனிதர்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கப்பல் எலக்ட்ரீஷியனின் மனைவி இடுப்பில் குழந்தையோடு வந்திருந்தாள். கப்பலில் சமையல்காரனாக இருந்தவனின் அப்பா தனியாக வந்திருந்தார். அவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருப்பவர். ஒற்றைப் பிள்ளை, மனைவி இல்லை. கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்திருப்பார் போல, சட்டைத் தோளில் யாருடைய முடியோ ஒட்டியிருந்தது. டப்பிங் மகளோடு ஓரத்தில் உட்கார்ந்தாள். ஏசி, கீழே வைத்திருந்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

மேசைமேல் இருந்த தொலைபேசியை ஏஜென்ட் அலுவலக கிளார்க் எல்லோருக்கும் கேட்கும்படி போட்டான். கம்பெனியின் அதிகாரி பேசினார். பெண்குரல், ஆங்கிலம், பஞ்சில் சுற்றின மாதிரி மெதுவான குரல். கிளார்க் முதல் இரண்டு வாக்கியத்தைத் தமிழில் சொன்னான். மூன்றாவதைக் கேட்டதும் நிறுத்திவிட்டான். குழந்தையைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான்.

"அக்கா, நீங்க இந்த வேலைதான பாக்குறீங்க? எனக்கு வாய் வரல. நீங்க சொல்லிடுங்க."

மகள் அவள் கையைப் பிடித்தாள். "வேணாம்மா." அவள் கையை விடுவித்துக்கொண்டு, நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான், இரண்டு குரல்களுக்கு நடுவில் இருக்கிற இடம். அங்கே போய் உட்கார்ந்ததும் மூச்சு சீராகிவிட்டது.

தேடப்போன விமானம், கவிழ்ந்து மிதக்கும் ஒரு கப்பலின் அடிப்பாகத்தைப் பார்த்திருக்கிறது. அது இந்தக் கப்பல்தான் என்பது ப்ராபபிள்.

"அது நம்ம கப்பலா இருக்கும்னு நாங்க நினைக்கிறோம்" என்றாள் அவள்.

சலூன்காரர் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி. "நினைக்கிறாங்களா, தெரியுமாமா?"

அவள் அதை ஆங்கிலத்தில் கேட்டாள். ஹைலி ப்ராபபிள் என்று பதில் வந்தது.

"ரொம்ப நினைக்கிறோம்" என்றாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் அங்கே யாராவது சிரித்திருப்பார்கள்.

"யாராவது உசுரோட இருப்பாங்களா, கேளும்மா."

கேட்டாள். தண்ணீர் குளிராக இருக்கிறது, அலை பெரியது, தேடல் தொடர்கிறது என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் அந்தக் குரல் அந்தச் சொல்லுக்கு வந்தது. அன்லைக்லி.

"வாய்ப்பு குறைவு" என்றாள். பழக்கதோஷத்தில் கடைசி எழுத்தில் குரல் தாழ்ந்தது. எலக்ட்ரீஷியனின் மனைவி ஓவென்று கத்தினாள். குழந்தையும் சேர்ந்து அழுதது. சலூன்காரர் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"குறைவுன்னா, இருக்குன்னுதானம்மா அர்த்தம்?"

அந்தக் கேள்வியை அவள் தொலைபேசிக்குள் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. "குறைவுங்க ஐயா" என்று தானே சொன்னாள்.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் அவர்.

அதிகாரி பேச்சை முடிக்க வந்தார். ஐ அம் அஃப்ரெய்ட் என்று தொடங்கினார். இன்றைக்கு இதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை என்பது மிச்சம். எத்தனையோ தரம் விழுங்கிய அந்த முன்பாதியை அவள் இந்தத் தடவை விழுங்கவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியாது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

பின்பாதி வரவில்லை. குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது. அவள் அதிகாரியாகப் பேசினாளா, ஃபிட்டரின் மனைவியாகப் பேசினாளா என்று யாருக்கும் தெரியவில்லை. சலூன்காரர் எழுந்து வந்து அவள் நாற்காலி முதுகில் கைவைத்தார்.

"பயப்படாதம்மா. நாங்கல்லாம் இருக்கோம்ல."

"ஹலோ?" என்றது தொலைபேசி.

"இன்னைக்கு இதுக்குமேல சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்று அவள் வாக்கியத்தை முடித்துவைத்தாள்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். பயம் இருக்கிறதா என்று உள்ளே தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொடுவது போலிருந்தது. விரலுக்குத் தெரிந்தது, கன்னத்துக்குத் தெரியவில்லை.

தேடலை ஒருநாள் நிறுத்தினார்கள். அதற்கும் ஒரு சொல் வந்தது, ப்ரிஸ்யூம்ட். இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறவர். மகள் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"யாரும்மா கருதுறது? நீ கருதுறியா?"

அவள் சாதத்தை வடித்துக்கொண்டிருந்தாள். "சாப்பிட வா."

"கேக்குறேன்ல. நீ கருதுறியா, இல்லையா?"

"அவங்க அன்லைக்லின்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்" என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்த் தோழி வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். டப்பிங் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் வேலைக்குப் போனாள். துணி துவைத்தாள். ஃபிட்டரின் சட்டைகள் கொடியில் இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரி துக்கம் கேட்க வந்து தானே அழுதுவிட்டு, கல்லு மாதிரி இருக்கியே என்று சொல்லிவிட்டுப் போனாள். அது திட்டா, பாராட்டா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

சலூன்காரர் மட்டும் விடவில்லை. கடைக்கு விடுமுறை நாளில் குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்துவிடுவார். கம்பெனிக்குப் போன் போடச் சொல்லுவார். அவள் போடுவாள். அதே பஞ்சுக்குரல் வரும், அதே சொல் வரும்.

"இன்னும் குறைவுதானா?"

"குறைவுதான் ஐயா."

"இல்லைன்னு சொல்லலையே?"

"சொல்லல."

"அப்போ சரி." டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். அவரைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சலும் வரவில்லை. அந்தச் சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் போய் வெயில் உறைக்கத் தொடங்கியபோது, கம்பெனியே அவளைக் கூப்பிட்டது. வெகுதூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு கரைக்கு வந்திருக்கிறது. மாதக்கணக்கில் கடலிலேயே கிடக்கும் படகு, அதன் ரேடியோவும் பழுதாகிக் கிடந்திருக்கிறது. அதில், கடலிலிருந்து தூக்கி ஏற்றிய ஒரு மனிதன். உங்கள் கப்பல்காரர்களில் ஒருவனாக இருப்பது பாசிபிள். அடையாளம் அன்சர்ட்டன். சமையல்காரன் என்று சொல்லிக்கொள்கிறான்.

ஒரு கணம், சமையல்காரன் என்று அதிகாரி சொல்லிமுடிப்பதற்கு முன்னால் இருந்த ஒரு கணம், அவளுக்குள் ஏதோ எழும்பி நின்றது. உடனே உட்கார்ந்துவிட்டது.

அவள் பஸ் நிலையம் வரை வேகமாக நடந்தாள். சலூன்காரர் ஒருவருக்கு முகம் முழுக்கச் சோப்பு தடவிக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்று சொன்னாள்.

"ஐயா, ஒருத்தர் கிடைச்சிருக்காராம். உங்க பையனா இருந்தாலும் இருக்கலாமாம். உறுதியில்லையாம். அவரே சமையல்காரன்னு சொன்னாராம்."

வினைச்சொல்லின் வாலில் ஒட்டும் அந்த 'ஆம்'களை இத்தனை எண்ணிக்கையில் ஒரே மூச்சில் அவள் எப்போதும் சொன்னதில்லை. சலூன்காரர் கத்தியை மடக்கி வைத்தார். நாற்காலியில் இருந்தவர் சோப்பு முகத்தோடு, "போங்க, போங்க, நான் கழுவிக்கிறேன்" என்றார். கடை வாசலில் நின்றே அவள் கம்பெனிக்குப் பேசி, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இணைப்பு வாங்கி, கைப்பேசியை அவரிடம் கொடுத்தாள். மறுமுனையில் யாரோ இருமினார்கள். பிறகு, "அப்பா" என்றது குரல்.

அங்கே அவளுக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. சலூன்காரர் நடைபாதையில் உட்கார்ந்து, கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மகள் மெல்லக் கேட்டாள், "அப்போ அப்பாவும்...?" முதல்தடவையாக அவளுக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷம் அன்லைக்லி என்ற சொல்லை 'இல்லை' என்றே மொழிபெயர்த்து வந்திருக்கிறாள். வாயால் அல்ல, குரலால். சொல் தன் பாட்டுக்குச் சரியாகத்தான் இருந்திருக்கிறது. குறைவு என்றால் குறைவு. மூன்று பேரில் ஒருவன் வந்துவிட்டான். எத்தனை நோயாளிகளுக்கு இப்படிக் குரலைத் தாழ்த்தினோம் என்று நினைத்துப் பார்த்தாள். முகம் தெரியாதவர்கள். யாரையும் கூப்பிட்டுத் திருத்த முடியாது.

சமையல்காரன் ஊர் திரும்பியதும் நேராக அவள் வீட்டுக்கு வந்தான். முப்பது வயதுக்காரன், ஐம்பது மாதிரி இருந்தான். உதடு வெடித்து ஆறிய தழும்பு. அப்பா பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றார். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் அவன் தரையில்தான் உட்கார்ந்தான்.

"அண்ணி, அண்ணன் என்கூடத்தான் இருந்தார்" என்றான்.

கப்பல் சாய்ந்தபோது எஞ்சின் அறையிலிருந்து கடைசியாக வந்தவன் ஃபிட்டர். கையில் சூடுபட்டிருந்தது. இருவரும் தண்ணீரில் ஒரு மிதவையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். முதல் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் எந்தப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள் என்று ஃபிட்டர் சொன்னான். அப்புறம் தாகம் என்று மட்டும் சொன்னான். அப்புறம் அதையும் சொல்லவில்லை. மறுநாள் வெளிச்சம் வந்தபோது கைப்பிடி தளர்ந்தது.

டப்பிங் அவனை நிறுத்தினாள். "இரு. நீ அதைப் பாத்தியா, இல்ல அப்படித்தான் ஆகியிருக்கும்னு நினைச்சியா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சலூன்காரர், "விடும்மா" என்றார்.

"இல்லைங்க ஐயா, எனக்குத் தெரியணும்."

சமையல்காரன் அவளை நேராகப் பார்த்தான். "பாத்தேன் அண்ணி. மூச்சு நின்னதுக்கு அப்புறம்தான் கை விட்டுச்சு. நான் சட்டையப் புடிச்சுப் பாத்தேன், மூக்குல கையவச்சுப் பாத்தேன். என்னால அதுக்குமேல புடிக்க முடியல. அண்ணன் செத்துட்டார்."

அந்த வீட்டில் அதுவரை யாரும் அந்த வினைச்சொல்லைச் சொன்னதில்லை. மகள் தரையில் சரிந்து அழத் தொடங்கினாள், மாதக்கணக்கில் சேர்த்து வைத்ததையெல்லாம். டப்பிங் அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மற்றொரு கையால் சமையல்காரனின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கைதான் சட்டையைப் பிடித்த கை. அதை விடுவதற்கு அவளுக்கு நேரம் ஆயிற்று. அழுகை அவளுக்கு வரவில்லை. ஆனால் விரல்களில் குளிர் தெரிந்தது, மடியில் மகளின் கண்ணீர் சுடுவது தெரிந்தது.

"டீ போடுறேன், இருங்க" என்றாள் கடைசியில்.

அவள் மறுபடி வேலைக்குப் போனாள். இப்போதும் அதே தடுப்பு, அதே நாற்காலி. ஒருநாள் நோயாளியின் தம்பி ஒருவன், "குறைவுன்னா எவ்வளவு குறைவு?" என்று கேட்டபோது, அந்தக் கேள்வியை அப்படியே டாக்டரிடம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். டாக்டர் எரிச்சலோடு தொண்டையைக் கனைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தார். பேச்சு நீண்டது. மேற்பார்வையாளர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சமையல்காரன் இனிக் கடலுக்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டான். அப்பாவின் சலூனில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்கிறான். எலக்ட்ரீஷியனின் மனைவி குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுடைய கணவனைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

ஒரு சாயங்காலம் டப்பிங் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கையில் காய்கறிப் பையோடு ஒரு பெண் அவள் பக்கத்து இருக்கையைப் பார்த்து நின்றாள்.

"இங்க யாராவது வராங்களா?"

"இல்லைங்க. யாரும் வரல" என்றாள்.

அந்தப் பெண் அப்பாடா என்று உட்கார்ந்து, பையைக் கால்களுக்கு நடுவில் வைத்தாள். அதிலிருந்து ஒரு தக்காளி உருண்டு ஓடியது. இரண்டு பேரும் குனிந்து தேடினார்கள்.